இரண்டு மணி நேரத்துக்குத் தோட்டம், இருபது வருடத்துக்குக் கண்ணாடி

பெங்களூர் விமான நிலையத்தின் இரண்டாவது முனையம் பயணியின் பதற்றத்தைப் புரிந்துகொண்டு கட்டப்பட்டது. ஊழியரின் பதற்றத்தை அந்த ஊர் அலுவலகங்கள் எப்போது புரிந்துகொள்ளும்?

பெங்களூரில் தினமும் லட்சக்கணக்கானவர்கள் இரண்டு வகையான வாசல்களில் ஏறக்குறைய ஒரே சடங்கைச் செய்கிறார்கள். கையில் உள்ள சீட்டையோ கழுத்தில் தொங்கும் அட்டையையோ காட்டுகிறார்கள். பையைச் சோதனைக்குக் கொடுக்கிறார்கள். தடுப்பு திறந்ததும் குளிரூட்டப்பட்ட பெரிய கட்டடம் ஒன்றுக்குள் போகிறார்கள். முதல் வாசல், நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில் உள்ள கெம்பே கவுடா சர்வதேச விமான நிலையம். இரண்டாவது, நகரத்தின் கிழக்கிலும் தெற்கிலும் வரிசைகட்டி நிற்கும் சாஃப்ட்வேர் அலுவலகங்கள்.

விமான நிலையத்தில் ஒருவர் இருக்கப்போவது இரண்டு மணி நேரம். விமானம் தாமதமானால் நான்கு. அலுவலகத்தில் அவர் இருக்கப்போவது நாளுக்கு ஒன்பது மணி நேரம். வேலை நிலைத்தால் இருபது வருடம். மரமும் வெளிச்சமும் வசதியான நாற்காலியும் எங்கே அதிகம் தேவை என்று கேட்டால் பள்ளிக்கூடப் பையன்கூடச் சரியாகச் சொல்லிவிடுவான். ஆனால் அவை போய்ச் சேர்ந்தது பயணிக்குத்தான்.

விமான நிலையத்தின் இரண்டாவது முனையத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2022 நவம்பர் 11 அன்று திறந்துவைத்தார். 2023 ஜனவரியில் உள்நாட்டு விமானங்களும் செப்டம்பரில் சர்வதேச விமானங்களும் அங்கிருந்து பறக்க ஆரம்பித்தன. செலவு சுமார் 5,000 கோடி ரூபாய். பரப்பளவு இரண்டரை லட்சம் சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். ஆண்டுக்கு இரண்டரைக் கோடிப் பயணிகளைக் கையாளலாம் என்பது கணக்கு. எண்களை மட்டும் கேட்டால் இன்னொரு கான்கிரீட் பூதம் என்றுதான் தோன்றும். உள்ளே போனால் கதை வேறு.

அண்ணாந்து பார்த்தால் தெரிவது மூங்கில். பக்குவப்படுத்திய மூங்கில் சட்டங்கள் கூரைக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவற்றின் இடுக்குகள் வழியாகப் பகல் வெளிச்சம் சல்லடையில் சலித்த மாவு மாதிரி மெதுவாகத் தரையில் இறங்குகிறது. தூண்களும் மூங்கில் உடுத்தியிருக்கின்றன. கூரையிலிருந்து மணி வடிவத்தில் பெரிய தொட்டிகள் தொங்குகின்றன. அவற்றிலிருந்து கொடிகள் வழிகின்றன. செங்கல் சுவர், பிரம்பு பின்னிய நாற்காலிகள். பிரதான கட்டடத்துக்கும் விமானம் ஏறும் கேட்டுகளுக்கும் நடுவே சுமார் 90 மீட்டர் அகலத்துக்கு ஒரு தோட்டக் காடு. அதன் குறுக்கே மூங்கில் போர்த்திய பாலங்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு கேட்டைத் தேடிப் போகும் பயணிக்கு இருபுறமும் மரங்கள் துணைக்கு வருகின்றன.

கட்டடத்தை வடிவமைத்தது அமெரிக்காவின் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்டு மெரில் நிறுவனம். தோட்டத்தை அமைத்தது சிங்கப்பூரின் 'கார்டன்ஸ் பை த பே' தோட்டத்தை உருவாக்கிய பிரிட்டனின் கிரான்ட் அசோசியேட்ஸ். உள் அலங்காரத்தில் மும்பையின் அபு ஜானி - சந்தீப் கோஸ்லா ஜோடிக்கும் பங்கு உண்டு. பசுஞ்சுவர்கள், தொங்கு தோட்டங்கள், வெளித் தோட்டங்கள் எல்லாம் சேர்த்து 10,000 சதுர மீட்டருக்கு மேல். 2023-ல் யுனெஸ்கோ தொடர்புடைய 'ப்ரீ வெர்சாய்' கட்டடக்கலை விருதுகளில் உள் வடிவமைப்புக்கான சிறப்புப் பரிசும் இந்த முனையத்துக்குக் கிடைத்தது.

தோட்டம் என்பது பெங்களூருக்குப் புதிய விஷயம் அல்ல. லால்பாக் தோட்டத்தை ஹைதர் அலி ஆரம்பித்தது 1760-ல். அதற்குள் இருக்கும் கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 1889-ல். 'தோட்ட நகரம்' என்று ஊருக்கே பெயர். சாலை அகலமாக அகலமாக மரங்கள் குறைந்தன; அப்படிக் குறைந்த நகரம் தன் பழைய பெயரை விமான நிலையத்துக்குள் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்தியிருக்கிறது என்று கேலி பேசலாம். கேலி நியாயமானதுதான். ஆனாலும் இந்த மரங்கள் வெறும் அலங்காரத்துக்காக நடப்பட்டவை அல்ல. அவற்றுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

அந்தக் கணக்கின் பெயர் பயம். தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளில் அச்சமும் ஒன்று. விமான நிலையத்தைக் கட்டுகிறவர்கள் அதை ஏட்டில் படிக்காமலே அறிந்தவர்கள். உள்ளே வரும் ஒவ்வொருவர் மனத்திலும் ஏதோ ஒரு கவலை ஓடிக்கொண்டிருக்கிறது. விமானத்தைத் தவற விடுவோமோ? பெட்டியின் எடை கூடியிருக்குமோ? பாஸ்போர்ட் எங்கே? கேட் எந்தப் பக்கம்? முதல்முறை பறக்கிறவருக்குக் கவலை ஒரு மடங்கு அதிகம். பிரிந்து போகிறவருக்கு இன்னொரு மடங்கு. தன் வசம் எதுவுமே இல்லை, எல்லாம் வேறு யாரோ முடிவு செய்வது என்ற உணர்வுதான் இந்தக் கவலைகளின் வேர். நல்ல விமான நிலையம் இதை மறுப்பதில்லை. வருகிறவர் பதற்றத்தோடுதான் வருவார் என்று ஒப்புக்கொண்டு, பதற்றத்தை எங்கெல்லாம் குறைக்கலாம் என்று பார்க்கிறது.

முதல் வழி, பார்வை. மரம் தெரிந்தால் மனம் ஆறும் என்பது வெறும் பாட்டி வைத்தியம் அல்ல. ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984-ல் 'சயன்ஸ்' இதழில் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 23 ஜோடிகளை அவர் ஒப்பிட்டார். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருடைய அறை ஜன்னலில் மரங்கள் தெரிந்தன. மற்றவருடைய ஜன்னலில் செங்கல் சுவர். மரம் தெரிந்த அறைக்காரர்கள் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. மருந்து, மருத்துவமனை எல்லாம் ஒன்றுதான். ஜன்னல் மட்டும் வேறு. உலகம் முழுவதும் மருத்துவமனை கட்டுகிறவர்கள் இன்றுவரை இந்த ஆய்வைச் சொல்கிறார்கள். விமான நிலையம் கட்டுகிறவர்களும் அதே பாடத்தைப் படித்துவிட்டார்கள் என்பதற்குப் பெங்களூரும் சிங்கப்பூரின் சாங்கியும் சாட்சி. சாங்கியில் 2019-ல் திறக்கப்பட்ட 'ஜூவல்' கட்டடத்துக்குள் 40 மீட்டர் உயரத்திலிருந்து ஓர் அருவியே விழுகிறது.

இரண்டாவது வழி, தகவல். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபால் விமான நிலையத்துக்காக 1967-ல் பென்னோ விஸ்ஸிங் வடிவமைத்த மஞ்சள் வழிகாட்டிப் பலகைகள் பின்னர் வந்த பல விமான நிலையங்களுக்கு முன்மாதிரி. எந்த இடத்தில் நின்றாலும் அடுத்து எங்கே போக வேண்டும் என்பது கண்ணில் பட வேண்டும் என்பது அதன் சூத்திரம். விமானம் தாமதமா? எவ்வளவு தாமதம்? பலகை சொல்லிவிடும். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பாடம் நடத்திய டேவிட் மெய்ஸ்டர் 1985-ல் காத்திருப்பின் மனோதத்துவத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சும்மா காத்திருப்பது நீளமாகத் தெரியும், எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு அதைவிட நீளம், காரணமும் தெரியாவிட்டால் இன்னும் நீளம் என்பது அதன் சாரம். ரேஷன் கடை வரிசையில் நின்ற எவருக்கும் இது புரியும். விமான நிலையங்கள் இதைச் சுவரில் எழுதாமல் பலகையில் எழுதிக் காட்டுகின்றன.

மூன்றாவது வழி, தேர்ந்தெடுக்கும் சுதந்திரம். ஒருவர் சாய்ந்து படுக்கலாம், இன்னொருவர் உயர ஸ்டூலில் அமர்ந்து லேப்டாப் பார்க்கலாம், குழந்தையோடு வந்தவர் ஓரமாகத் தரையில்கூட உட்காரலாம். ஏன் இங்கே உட்கார்ந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. நான்காவது, அமைதி. ஒலிபெருக்கி அறிவிப்புகளை இந்தியாவின் பல விமான நிலையங்கள் சமீப ஆண்டுகளில் வெகுவாகக் குறைத்துவிட்டன. ஐந்தாவது, சொல்லாமலே உதவி. வெளியே தெரியாத உடல், மனக் குறைபாடுகள் உள்ளவர்கள் சூரியகாந்திப் பூ போட்ட பச்சை நாடாவைக் கழுத்தில் அணிந்துகொள்ளும் ஏற்பாடு 2016-ல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கியது. நாடாவைப் பார்த்தால் ஊழியர்கள் கொஞ்சம் பொறுமையாகப் பேசுவார்கள். காரணத்தை விளக்க வேண்டியதில்லை. பெங்களூர் விமான நிலையமும் இந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறது.

இதெல்லாம் கருணையால் மட்டுமே நடக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். பதற்றம் குறைந்த பயணி கடைக்குள் நுழைவார், காபி வாங்குவார், வாட்ச் விலை கேட்பார். விமான நிலையத்துக்குக் கடை வாடகை முக்கிய வருமானம். அதோடு பயணி அங்கே வாடிக்கையாளர். முகம் சுளித்தால் நிர்வாகத்துக்கு வலிக்கும். பயணியின் மனநிலைக்கு விலை இருக்கிறது, அதனால் மதிப்பும் இருக்கிறது. ஊழியரின் மனநிலைக்கும் விலை உண்டு. ஆனால் அதற்கான ரசீது உடனே கைக்கு வருவதில்லை. இங்கேதான் அலுவலகக் கதை தொடங்குகிறது.

தேவனஹள்ளியில் 'வாயு வஜ்ரா' பஸ் ஏறினால் எலெக்ட்ரானிக் சிட்டி வரை போகலாம். ஹெப்பாள் மேம்பாலத்தைத் தாண்டி, வெளிவட்டச் சாலையைப் பிடித்து, சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் ஊர்ந்து தெற்கே இறங்குவதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிடும். தொழில்நுட்ப நகரம் என்று உலகம் அழைக்கும் பெங்களூரின் குறுக்குவெட்டுத் தோற்றம் இந்தப் பாதையில் கிடைக்கிறது. பெரும்பாலும் கண்ணாடி. நீலக் கண்ணாடி, பச்சைக் கண்ணாடி, வெயிலைத் திருப்பி எதிர்ச் சாலையில் போகிறவர் கண்ணில் அடிக்கும் வெள்ளிக் கண்ணாடி.

இந்தக் கண்ணாடிக்கு வயது அதிகம் இல்லை. கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனத் தலைவராக இருந்த ஆர்.கே. பாலிகா எலெக்ட்ரானிக் சிட்டியைக் கனவு கண்டது 1970-களில். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-ல் வந்தபோது அதன் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி மாட்டு வண்டியில் வந்து இறங்கியது ஊரறிந்த கதை. ஒயிட்ஃபீல்டில் சிங்கப்பூர் கூட்டுறவோடு கட்டிய சர்வதேச தொழில்நுட்பப் பூங்கா 1990-களின் பிற்பகுதியில் தயாரானது. வெளிநாட்டு வாடிக்கையாளர் வந்து பார்த்தால் தன் ஊர்க் கட்டடம் மாதிரியே தெரிய வேண்டும் என்று அந்தக் காலத்துக்கு ஓர் ஆசை. அந்த ஆசையின் விலைதான் கண்ணாடிச் சுவர்.

கண்ணாடிச் சுவர் பிறந்தது குளிர் நாட்டில். அங்கே வெயில் விருந்தாளி. இங்கே அழையா விருந்தாளி. கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் ஜன்னலைத் திறந்தாலே வருடத்தில் பல மாதங்கள் மின்விசிறிகூட வேண்டாம். ஆனால் கண்ணாடிப் பெட்டியில் ஜன்னல் திறக்காது. உள்ளே புகுந்த வெயில் சூடாகிறது, கம்ப்யூட்டர் திரையில் கூசுகிறது. திரைச்சீலையை இறக்கிவிடுகிறார்கள். உள்ளே இருட்டாகிறது. டியூப் லைட்டைப் போடுகிறார்கள். சூட்டைத் தணிக்க ஏ.சி.யைக் கூட்டுகிறார்கள். ஏ.சி.க்குக் கீழே இருப்பவர் சால்வை போர்த்திக்கொள்கிறார். இத்தனை கண்ணாடி வைத்துக் கட்டியும் மழை பெய்ததா என்று ஊழியர் தெரிந்துகொள்வது வாசலில் நனைந்து நிற்கும் செருப்பைப் பார்த்துத்தான்.

பெரிய நிறுவனங்களின் வளாகங்களில் மரத்துக்குப் பஞ்சமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எலெக்ட்ரானிக் சிட்டியில் இன்ஃபோசிஸ் வளாகத்தின் புல்வெளிகள் புகழ்பெற்றவை. ஆனால் நகரத்தின் அலுவலகங்களில் பெரும்பாலானவை வாடகைக்கு எடுத்த மாடிகள். அங்கே தோட்டம் இருந்தால் கீழே, வரவேற்பறைக்கு முன்னால் இருக்கும். வேலை மேலே, நாற்காலியில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே லிஃப்ட் இருக்கிறது, மேனேஜரும் இருக்கிறார்.

அமெரிக்காவில் இந்த நாற்காலிக்கு ஒரு சோக வரலாறு உண்டு. ஹெர்மன் மில்லர் நிறுவனத்தின் ராபர்ட் புரோப்ஸ்ட் 1960-களில் 'ஆக்‌ஷன் ஆபீஸ்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். ஊழியர் நிற்கலாம், உட்காரலாம், தடுப்புகளை விரித்துத் தன் இடத்தைத் தானே அமைத்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். நிறுவனங்கள் அந்தத் தடுப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, குறைந்த இடத்தில் அதிகம் பேரை அடைக்கும் க்யூபிகிளாக்கிவிட்டன. பிறகு தடுப்புகளையும் எடுத்துவிட்டுத் திறந்த கூடமாக்கினால் எல்லோரும் கலந்து பேசுவார்கள் என்று நம்பினார்கள். ஹார்வர்டின் ஈதன் பெர்ன்ஸ்டீனும் ஸ்டீபன் டர்பனும் இரண்டு பெரிய நிறுவனங்களில் இதை அளந்து பார்த்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். தடுப்பை நீக்கிய பிறகு நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்தது; மின்னஞ்சல் கூடியது. எல்லோரும் பார்க்கும் இடத்தில் மனிதர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒளிந்துகொள்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அலுவலகங்கள் ஏற்கெனவே விமான நிலையங்களைப் பார்த்துக் காப்பியடித்துவிட்டன. ஆனால் தவறான பகுதியை. அட்டை காட்டினால் திறக்கும் தடுப்பு வந்துவிட்டது. உணவுக் கடைகள் வந்துவிட்டன. 2020-ன் பெருந்தொற்றுக்குப் பிறகு, வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்கள் திரும்பியபோது பல இடங்களில் அவர்கள் நாற்காலி அவர்களுடையதாக இல்லை. போர்டிங் பாஸ் எடுப்பது போல அன்றன்றைக்குச் செயலியில் இருக்கை பதிவு செய்ய வேண்டும். மேசையில் குழந்தையின் போட்டோ வைக்க முடியாது. பயணிக்கு ஊர் பேர் தெரியாத நாற்காலி இரண்டு மணி நேரத்துக்குப் பரவாயில்லை. இருபது வருடம் பயணியாகவே இருக்க எவராலும் முடியாது.

கற்றுக்கொள்ள வேண்டிய பகுதி வேறு. முதலாவது அந்த அறிவிப்புப் பலகை. சாஃப்ட்வேர் துறையில் 'பெஞ்ச்' என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்காதவர்கள் பெஞ்சில் இருப்பவர்கள். சம்பளம் வரும், வேலை இருக்காது. நாள் கூடக் கூடப் பயமும் கூடும். மெய்ஸ்டர் சொன்ன மூன்றும் இங்கே ஒன்றாகச் சேர்கின்றன: சும்மா காத்திருப்பது, எவ்வளவு நாள் என்று தெரியாமல் காத்திருப்பது, காரணம் தெரியாமல் காத்திருப்பது. தாமதமான விமானத்துக்கு 40 நிமிடம் காத்திருப்பவருக்குப் பலகை இருக்கிறது. அடுத்த வேலைக்கு 40 நாள் காத்திருப்பவருக்கு வதந்திதான் இருக்கிறது. ஊதிய உயர்வு, இடமாற்றம், ஆள்குறைப்பு எல்லாவற்றிலும் நிலைமை இதுவே. இதைச் சரிசெய்ய மூங்கிலும் வேண்டாம், கொடியும் வேண்டாம். உண்மையைக் குறித்த நேரத்தில் சொன்னால் போதும்.

மற்றவையும் பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஜன்னலோரத்தை மேனேஜரின் அறையாக்காமல் எல்லோரும் நடக்கும் பாதையாக்கலாம். பேசுவதற்கு ஒரு மூலை, பேசாமல் இருக்க ஒரு மூலை என்று பிரிக்கலாம். எழுந்து பத்து அடி நடக்க ஒரு காரணம் தரலாம். காது கேளாதவர், கூட்டத்தில் மூச்சு முட்டுபவர், தூக்கமில்லாத இளம் தாய் ஆகியோர் காரணம் சொல்லிக் கெஞ்சாமல் தங்களுக்கு ஏற்ற இடத்தைக் கேட்டு வாங்க ஒரு சூரியகாந்தி ஏற்பாடு செய்யலாம்.

இதற்கெல்லாம் பெங்களூர் தேவனஹள்ளி வரை போய்ப் பாடம் கேட்க வேண்டியதுகூட இல்லை. ஊருக்கு நடுவே, கப்பன் பூங்காவின் பசுமையை ஒட்டி, சிவப்பு வண்ணத்தில் 'அட்டாரா கச்சேரி' நிற்கிறது. 1868-ல் முடிந்த இந்தக் கட்டடத்தில் மைசூர் அரசின் 18 இலாகாக்கள் இயங்கின. பெயருக்குப் பொருளும் அதுதான். இன்று கர்நாடக உயர் நீதிமன்றம். இதைக் கட்டிக்கொடுத்த ஒப்பந்தக்காரர் ஒரு தமிழர், ஆற்காடு நாராயணசாமி முதலியார். பெங்களூரில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நிறுவிய கொடையாளி என்றும் அவரை அறிவார்கள். தூண் வரிசைகளும் நீண்ட தாழ்வாரங்களும் கொண்ட கட்டடம் அது. குமாஸ்தா கோப்போடு எழுந்து நடந்தால் தாழ்வாரம். தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் மரம். 1980-களில் இதை இடித்துவிடலாம் என்ற யோசனை எழுந்தபோது பொதுநல வழக்குப் போட்டு ஊர்க்காரர்கள் காப்பாற்றினார்கள்.

இன்னும் அருகிலான பாடம் பன்னர்கட்டா சாலையில் இருக்கிறது. இந்திய மேலாண்மைக் கழகத்தின் வளாகத்தைக் கட்டடக்கலைஞர் பாலகிருஷ்ண தோஷி 1970-களிலிருந்து கட்டம் கட்டமாக உருவாக்கினார். 2018-ல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்று, அந்தப் பரிசை வென்ற முதல் இந்தியர் என்று பெயரெடுத்தவர் அவர். 2023-ல் காலமானார். இந்த வளாகத்தை அவர் பத்தேபூர் சிக்ரியை மனதில் வைத்து அமைத்தார். உள்ளூர்க் கருங்கல் சுவர்கள். அவற்றுக்கு நடுவே உயரமான நடைபாதைகள். சில இடங்களில் கூரை உண்டு, சில இடங்களில் கொடிப் பந்தல், சில இடங்களில் வெறும் வானம். ஒரே நடையில் வெயில், நிழல், தூறல் மூன்றையும் பார்த்துவிடலாம். 'த்ரீ இடியட்ஸ்' இந்திப் படத்தில் அந்தத் தாழ்வாரங்களை நாடே பார்த்தது. வகுப்பறையில் நடப்பது பாதிப் படிப்புதான், மீதி தாழ்வாரத்தில் எதிர்ப்படுகிறவரோடு பேசும்போது நடக்கிறது என்பது தோஷியின் நம்பிக்கை. விமான நிலையத்தின் மூங்கில் பாலத்தைப் பார்த்து வியப்பவர்கள் அதன் மூத்த சகோதரனை இங்கே பார்க்கலாம்.

அழகு சரி, மின்சாரக் கட்டணத்துக்கு என்ன பதில் என்று கேட்பவர்களுக்கும் ஒரு விடை உண்டு. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்ஃபோசிஸ், ஹைதராபாத் அருகே போச்சாரத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தை நடுவில் இரண்டாகப் பிரித்து ஒரு சோதனை செய்தது. 2011 முதல் ஒரு பாதியில் வழக்கமான ஏ.சி., மறு பாதியில் தளத்துக்குள் பதித்த குழாய்களில் குளிர்ந்த நீர். ஜன்னல்களிலும் கவனம் உண்டு: மேல் பகுதி வெளிச்சத்தை உள்ளே தள்ள, கீழ்ப் பகுதி வெளியே பார்க்க. குழாய் பதித்த பாதி, மறு பாதியைவிட மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குளிரூட்டும் மின்சாரத்தை மிச்சப்படுத்தியது. ஊழியருக்கு இதமான கட்டடம் முதலாளிக்கு நஷ்டமான கட்டடம் அல்ல என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

ஆனால் கட்டடத்தால் எல்லாம் தீராது. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்டு டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் பேச்சில் அது 90 ஆனது. நடுவே 2024 ஜூலையில், ஐ.டி. ஊழியர்களின் வேலை நாளை 14 மணி நேரம் வரை நீட்ட இடம் தரும் யோசனை கர்நாடக அரசின் முன் வந்தது. ஊழியர் சங்கம் கொதித்தெழுந்தது. தமிழ்நாட்டிலும் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. 14 மணி நேரம் உட்கார வைத்துவிட்டு மேசையில் ஒரு மணிபிளான்ட் வைப்பது தலைவலிக்காரருக்குப் பூமாலை போடுவதற்குச் சமம்.

உட்காருவதும்கூடச் சிலருக்கு இன்னும் சலுகைதான். கடையில் நாள் முழுதும் நிற்கும் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. தி.நகரின் துணிக்கடைகளில் நின்றே கால் வீங்கியவர்களுக்கு ஸ்டூல் என்பது கட்டடக்கலைத் தத்துவம் அல்ல, உரிமை. இந்த அளவுகோலை விமான நிலையத்துக்கும் வைத்துப் பார்க்க வேண்டும். மூங்கில் கூரைக்குக் கீழே பயணி இரண்டு மணி நேரம் இருக்கிறார். தரையைத் துடைப்பவரும், கடையில் நிற்பவரும், பெட்டியைச் சோதிக்கும் காவலரும் ஷிஃப்ட் முழுக்க அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அது அலுவலகம். பிரம்பு நாற்காலி அவர்களையும் சேர்த்துக்கொண்டால்தான் அந்தத் தோட்டம் முழுமை பெறும்.

எலெக்ட்ரானிக் சிட்டிக்கு 2025 ஆகஸ்ட் 10 அன்று மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் வந்து சேர்ந்தது. ஓசூர் சாலை நெரிசலில் தினமும் கரைந்த நேரத்தில் ஒரு பகுதி பலருக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. அந்த நேரம் வீட்டுக்குப் போகிறதா, மறுபடி அலுவலகத்துக்கே போகிறதா என்பதை எந்தக் கட்டடக்கலைஞரும் தீர்மானிக்க முடியாது. நிர்வாகம்தான் தீர்மானிக்க வேண்டும்.

விமான நிலையம் பயணியிடம் ஒன்றை மறப்பதேயில்லை: அவர் கிளம்பிப் போக வேண்டியவர் என்பதை. வெளிச்சம், மரம், பலகை, பாலம் எல்லாமே அவரைக் குறித்த நேரத்தில் அவர் போக வேண்டிய இடத்துக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடுகள். ஊழியரும் தினமும் கிளம்பிப் போக வேண்டியவர்தான். வீட்டில் யாரோ காத்திருக்கிறார்கள். விமான நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் 'புறப்படும் நேரம்' என்று ஒரு பத்தி இருக்கிறது. அலுவலகங்கள் அங்கிருந்து எதையாவது கடன் வாங்குவதாக இருந்தால், மூங்கிலுக்கு முன்பாக அதை வாங்கட்டும்.